மணலுக்கு யார் கணக்கு எழுதுவது?

வீட்டுக் கணக்கு எழுதும் சகோதரிகளுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. செலவில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று கல்யாணச் செலவு. அதற்குப் பணம் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். மாமனார் கொடுப்பார், வங்கி கொடுக்கும், போதாவிட்டால் இரட்டை வடம் அடகுக் கடைக்குப் போகும். பந்தல் போட்டு, மேளம் கொட்டி, போட்டோ எடுத்து ஜாம் ஜாமென்று நடந்துவிடும். மற்றொன்று பால் பாக்கி, சலவைக் கணக்கு, ஒழுகும் குழாய்க்கு ஒரு வாஷர். இதற்கு யாரும் போட்டோ எடுப்பதில்லை. ஒரு மாதம் தவறினால் குடி முழுகிப் போகாது. பன்னிரண்டு மாதம் தவறினால் வீடு வீடாக இராது.

ஊர்க் கணக்கும் இப்படித்தான். அதுவும் கடலோரத்து ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். இந்த வாரம் உங்களை வீராம்பட்டினத்துக்கு அழைத்துப் போகிறேன். வருகிறீர்கள் அல்லவா?

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தைத் தாண்டிக் கிழக்கே திரும்பினால் வீராம்பட்டினம். செங்கழுநீர் அம்மன் கோயில் இருக்கும் ஊர் என்றால் உங்களில் பலருக்கு உடனே தெரிந்துவிடும். ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளிக்கிழமை அங்கே தேர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் கவர்னர் துரையே வந்து வடம் பிடிப்பாராம். துரைமார்கள் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. துணைநிலை ஆளுநரும் முதல் மந்திரியும் வந்து வடம் பிடிக்கிறார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே அரிக்கமேடு. ரோமாபுரியோடு வியாபாரம் நடத்திய அந்தப் பழைய துறைமுகத்தை 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்தார். அவருக்குப் பின் தோண்டிய பிரெஞ்சு அறிஞர் கஸால் எழுதிய நூலின் தலைப்பில் அரிக்கமேட்டோடு வீராம்பட்டினத்தின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. ஆகவே, நம் மீனவர் ஊர் பாரிஸ் நூலகங்களிலும் பெயர் பெற்ற ஊர்தான்!

ஊரின் அமைப்பைச் சற்று மனத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி ஆறு கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. வடக்கே ஒன்று அரியாங்குப்பத்து ஆறு. தெற்கே ஒன்று சுண்ணாம்பாறு. இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவே, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது வீராம்பட்டினம். வடக்கு முகத்துவாரத்துக்கு அப்பால் புதுச்சேரி நகரம். இந்த வடக்கு முகத்துவாரத்தில்தான் நம் கதை ஆரம்பமாகிறது.

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவத்து அலைகள் சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று கிளம்பினால் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. ஆனால் வடக்கே போகிற மாதங்கள் அதிகம். வருஷக் கடைசியில் வரவு செலவு பார்த்தால், லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே பிரயாணம் செய்திருக்கும். கரையில் நிற்கிற நமக்கு அது தெரிவதில்லை. போன மணலின் இடத்தில் வந்த மணல் கிடப்பதால், ‘அதே மணல்’ என்று எண்ணிக்கொள்கிறோம்.

1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பத்து ஆற்றின் வாயில் துறைமுகம் கட்டினார்கள். அலையைத் தடுப்பதற்காகக் கடலுக்குள் இரண்டு கல் சுவர்கள் நீட்டினார்கள். நடந்து போகிறவரைக் கதவைச் சாத்தி நிறுத்தினாற்போல் ஆயிற்று! தெற்கேயிருந்து வந்த மணல் வீராம்பட்டினத்துப் பக்கம், தெற்குச் சுவரின் அடியில் தேங்கிவிட்டது. வடக்கே போக வேண்டியது போகவில்லை. ஆனால் வடக்கே இருக்கும் அலைகளுக்குத் துறைமுகம் கட்டிய சங்கதி தெரியுமா? அவை வழக்கம் போல் அங்கிருந்த மணலை வாரிக்கொண்டு மேலும் வடக்கே போயின. வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. அப்படிப்பட்ட குடும்பம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

புதுவைக் கடற்கரைச் சாலையில் மணல் மறைந்தது. காந்தி சிலைக்கு எதிரே கருங்கற்களைக் கொட்டினார்கள். அந்தக் கருங்கல்லைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் ‘பீச்’ என்றால் கல் என்றே நினைத்தார்கள். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று வடக்கே நகர்ந்தது அரிப்பு. மீனவர் குடும்பத்துக்கு மணல் என்பது மாலையில் காற்று வாங்குகிற இடம் மட்டுமா? கட்டுமரம் ஏற்றி வைக்கும் கொட்டகை அது. வலை உலர்த்தும் முற்றம் அது. கருவாடு காயவைக்கும் மொட்டை மாடியும் அதுதான். ஆண்களாவது படகைக் கொண்டுபோய் எங்கேயாவது கட்டலாம். கருவாடு போட்டுப் பிழைக்கும் பெண்மணி கருங்கல்லின் மீது எதை உலர்த்துவாள்?

இனிமேல்தான் வேடிக்கை. புதுச்சேரியின் பூகோளம் ஒட்டுப் போட்ட புடவை மாதிரி. நகரத்தின் வடக்கு எல்லையைத் தாண்டியதும் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம், அவையும் தமிழ்நாடு. மறுபடி பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு என்றால் புதுச்சேரி! மணல் இந்த எல்லைக் கல் எதையும் பார்ப்பதில்லை. ஓரிடத்தில் கல் சுவர் போட்டால் அரிப்பு அடுத்த ஊருக்குத் தாவுகிறது. அந்த அடுத்த ஊர் வேறு சர்க்காரைச் சேர்ந்தது. அவர்கள் தங்கள் பங்குக்குக் கல் கொட்டுகிறார்கள். அரிப்பு இன்னும் வடக்கே தாவுகிறது. மழைத் தண்ணீரை அடுத்த வீட்டு வாசலுக்குத் தள்ளிவிடுகிற சாமர்த்தியம்தான் இது. செலவு மட்டும் கோடிக் கணக்கில்.

துறைமுகத்தை வகுத்த நிபுணர்களுக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தெற்கே சேரும் மணலை ஆண்டுதோறும் எடுத்து, குழாய் வழியாக வடக்கே இறைக்க வேண்டும் என்பது ஆதித் திட்டத்திலேயே இருந்தது. கல் சுவர் கட்டும் வேலை நடந்துவிட்டது. அது கல்யாணச் செலவு. வருஷா வருஷம் மணல் இறைப்பது பால் பாக்கி. அது ஒழுங்காக நடக்கவில்லை. நடக்காததன் பலன் இரண்டு பக்கமும் விடிந்தது. வடக்கே கரை போயிற்று. முகத்துவாரமும் மணல் மூடி, படகுகள் தரை தட்டுகின்றன என்று மீனவர்கள் முறையிடும்படி ஆயிற்று.

நல்லதும் நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் பணத்தில், 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள் முக்கோண வடிவில் எஃகுத் திட்டு ஒன்றை இறக்கியது. அலையின் வேகத்தை உடைத்து மணலைத் தங்கவைக்கும் தந்திரம் அது. துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் அந்தப் பக்கம் கொட்டினார்கள். ஒரு தலைமுறைக்குப் பிறகு காந்தி சிலைக்கு எதிரே மணல் தலைகாட்டியது! ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு வந்து காலை நனைத்தார்கள். உண்மையான சந்தோஷம்தான். இருந்தாலும் என் குறுக்குப் புத்தி கேட்கிறது: திட்டை இறக்குவதற்கு டெல்லியில் பணம் கிடைத்தது, சரி. அதைப் பழுது பார்க்க, தூர்வார, இன்னும் இருபது வருஷம் மணலை அளந்து பார்க்க எந்தக் கணக்கில் பணம் எழுதுவது?

அந்தக் கணக்கைத் தேடிக்கொண்டு வீராம்பட்டினத்துப் பெண்மணி ஒருத்தி புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். துறைமுகம், துறைமுக இலாகாவின் பொறுப்பு. கரையில் என்ன கட்டலாம், எது கூடாது என்பதற்குக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம். 1986-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் 1991-இல் முதலில் வந்து, பிறகு 2011, 2019 என்று மாறிய விதிகள் அதன் கையில். தொழிற்சாலைக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம். ஆலைகள் அனுமதிக்காகக் கட்டும் கட்டணம் அதன் வருமானத்தில் ஒன்று. படகுக்கும் வலைக்கும் மீன்வளத் துறை. குப்பைக்கும் சாக்கடைக்கும் தெரு விளக்குக்கும் அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்து. மணல்? ஒவ்வொருவருக்கும் கொஞ்சம், யாருக்கும் முழுதாக இல்லை.

‘கொம்யூன்’ என்ற வார்த்தையே பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொத்து. 1880-இல் ஓர் ஆணை போட்டு இங்கே நகரசபைகளை ஏற்படுத்தினார்கள். 1973-இல் நம் சட்டசபை நகராட்சிகளுக்கு ஒன்றும், கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு ஒன்றுமாகச் சட்டம் இயற்றியது. இன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹி, ஏனாம் எல்லாம் சேர்த்து 5 நகராட்சிகள், 10 கொம்யூன் பஞ்சாயத்துகள். வீட்டு வரி, தொழில் வரி, கடைகளுக்கு லைசென்ஸ் கட்டணம், மார்க்கெட் குத்தகை, மேலிருந்து வரும் மானியம் என்று ஒருவாறு வண்டி ஓடுகிறது. பெருக்குவதற்கும் விளக்கெரிப்பதற்குமே வருமானம் இழுபறி என்கிற ஸ்தல ஸ்தாபனம் கடலை எப்படிக் கட்டி மேய்க்கும்?

சரி, கேள்வி கேட்க மெம்பர் யார்? அங்கேதான் அந்தப் பெண்மணி திகைத்து நிற்பாள். 1968-இல் நகரசபைத் தேர்தல் நடந்தது. அடுத்த ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் எப்போது தெரியுமோ? 2006-இல்! நடுவே 38 வருஷம். அந்த வருஷம் பிறந்த பெண்ணுக்குக் கல்யாணமாகி, அவள் பெண்ணும் வோட்டுப் போடும் வயதை நெருங்கியிருப்பாள். 2006-இல் வந்தவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் தேதி குறித்தார்கள். ஒதுக்கீட்டுத் தகராறில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், தேர்தல் நின்றது. இத்தனை காலமும் அதிகாரிகள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை. பலர் நன்றாகவே உழைக்கிறார்கள். ஆனால் அதிகாரிக்கு மாற்றல் வரும். மணல் இறைக்கும் வேலைக்கு மாற்றலே கிடையாது.

பணத்திலும் ஒரு விசித்திரம். ராஜ்யங்களின் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு மத்திய நிதிக் குழு ஐந்தாண்டுக்கு ஒரு முறை பங்கு பிரித்துக் கொடுக்கிறது. புதுச்சேரிக்குச் சட்டசபை உண்டு, மந்திரிசபை உண்டு. ஆனால் ராஜ்யம் இல்லை, யூனியன் பிரதேசம். ஆகவே அந்தப் பங்கில் 14-ஆவது குழுவும் 15-ஆவது குழுவும் அதற்கு இலை போடவில்லை. எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கட்சி வேறுபாடின்றிப் புதுவை மந்திரிகள் கேட்டபடியே இருந்திருக்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்தும் இலை விழாத விருந்தாளியின் நிலைமை!

வேறு தேசத்தார் என்ன செய்கிறார்கள்? புதுவைக்கு அச்சில் வார்த்தாற்போல் ஓர் உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. டுவீட் என்று ஓர் ஆறு. அதன் வாய் இருப்பது நியூ சவுத் வேல்ஸ் ராஜ்யத்தில். அதற்குச் சற்று வடக்கே குவீன்ஸ்லாந்து ராஜ்யம். அங்கே கோல்ட் கோஸ்ட் என்ற பெயர்பெற்ற கடற்கரை. 1960-களின் தொடக்கத்தில் ஆற்றின் வாயில் கல் சுவர்களை நீட்டினார்கள். தெற்கே மணல் தேங்கிற்று. வடக்கே கரை கரைந்தது. குற்றம் ஒரு ராஜ்யத்தில், தண்டனை மற்றொரு ராஜ்யத்தில். பல வருஷச் சண்டைக்குப் பிறகு, 1990-களின் நடுவில் இரு சர்க்கார்களும் ஒப்பந்தம் செய்து, சட்டமும் இயற்றி, செலவை இன்ன விகிதத்தில் பகிர்வது என்று எழுதிக்கொண்டன. 2001 முதல் தெற்குக் கரையில் ஒரு பாலத்தின் அடியில் இயந்திரங்கள் மணலை உறிஞ்சுகின்றன. ஆற்றுக்கு அடியில் பதித்த குழாய் வழியே அது வடக்கே போய் விழுகிறது. வருஷத்துக்கு ஏறக்குறைய 5 லட்சம் கன மீட்டர். லாரிக்குப் பத்துக் கன மீட்டர் என்று கணக்கிட்டால் 50,000 லாரி! ஆரம்பத்தில் அளவு மிஞ்சி, கிர்ரா என்ற இடத்தில் கரை அகலமாகிவிட்டது என்று அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் புகார் சொன்னார்கள். நமக்கும் அப்படி ஒரு புகார் வந்தால் தேவலையே!

நியூஸிலாந்தில் 1989-இல் பிராந்திய சபைகளை அமைத்தபோது எல்லைகளைப் பெரும்பாலும் ஆற்று வடிநிலத்தை ஒட்டியே வரைந்தார்கள். சபைக்குத் தனித் தேர்தல். வெள்ளம், மண், தண்ணீர், கரை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்காரர்களிடம் வரி. பிரான்ஸிலும் 1964 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. தேசத்தை ஆறு நதிப் பிரதேசங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை. ஊர்ப் பிரதிநிதிகள், விவசாயிகள், ஆலைக்காரர்கள், சர்க்கார் எல்லோரும் அதில் உட்காருவார்கள். தண்ணீரைக் கெடுப்பவரிடமும் எடுப்பவரிடமும் கட்டணம் வாங்கி, அதே நதிக்குச் செலவழிப்பார்கள். புதுவையைப் பிரான்ஸ் சட்டப்படி இந்தியாவிடம் ஒப்படைத்தது 1962 ஆகஸ்டில். மூன்று வருஷம் முந்தி அந்தச் சட்டம் வந்திருந்தால் சங்கராபரணிக்கும் ஒரு சபை கிடைத்திருக்குமோ என்று நினைத்துப் பார்க்கிறேன். காலனி நாட்டுக்கு அதையெல்லாம் கொடுத்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

நம் கடற்கரையில் சபைப் பழக்கமே கிடையாது என்று யாரும் எண்ண வேண்டாம். சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. சர்க்கார் பஞ்சாயத்துக்கு முந்தியது அது. தலைக்கட்டு வரி என்று குடும்பத்துக்கு இவ்வளவு என வசூலித்து, கோயில் திருவிழாவிலிருந்து கரைத் தகராறு வரை தீர்த்துவைக்கும். எந்த வலை போடலாம், எது கூடாது என்றும் கட்டுப்பாடு செய்யும். கட்டுப்பாடு எப்போதும் பலிப்பதில்லை. 2021 ஆகஸ்டில் சுருக்குமடி வலை விவகாரத்தில் வீராம்பட்டினத்தாரும் நல்லவாட்டாரும் மோதிக்கொண்டு, போலீஸ் வானத்தை நோக்கிச் சுடும் வரை போய்விட்டது. இருந்தாலும் வீடு வீடாக வரி கொடுத்து, கணக்குக் கேட்கும் பழக்கம் அங்கே ரத்தத்தில் ஊறியது.

அந்தப் பஞ்சாயத்தில் ஒரு குறை. பொதுவாகப் பெண்களுக்கு அங்கே இடமில்லை. மீனைத் தலையில் சுமந்து விற்பவள் பெண். கருவாடு காயவைப்பவள் பெண். சபையில் உட்காருவது ஆண். ஆனால் பெண்களைச் சேர்த்துச் செய்த காரியம் ஒன்று இதே கரையில் நடந்ததுண்டு. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கானடா தேசத்துப் பண உதவியோடு புதுவைக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வீராம்பட்டினத்திலும் ஒன்று. அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பைக் கம்ப்யூட்டரில் எடுத்து, நாளை கடல் எப்படி இருக்கும் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மையங்களை நடத்திய தொண்டர்களில் பெண்கள் நிறையப் பேர். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது, பக்கத்து நல்லவாட்டில் சிங்கப்பூரிலிருந்து போனில் வந்த எச்சரிக்கையை அந்த ஒலிபெருக்கிதான் ஊருக்கெல்லாம் சொன்னது. ஜனங்கள் ஓடிப் பிழைத்தார்கள். சில ஆயிரம் ரூபாய் ஒலிபெருக்கி! அந்தப் பேரழிவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாக உலக வங்கி 2005-இல் கொடுத்த கடன் 46 கோடி டாலருக்கும் மேல். அந்தப் பணமும் வேண்டியதுதான். வீடு இழந்தவர்களுக்கு வீடு வேண்டுமே. ஆனால் அலை வருவதற்கு முன்பு உயிரைக் காத்தது தினப்படி செலவில் ஓடிய சங்கதி.

அரசியல் சட்டப்படி பஞ்சாயத்து இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு. தேர்தல் நடக்காத ஒவ்வொரு வருஷமும், மணலைப் பற்றி முதல் கேள்வி கேட்கக்கூடிய அந்த நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன என்று அர்த்தம்.

ஆடித் தேர் பார்க்க நீங்கள் வீராம்பட்டினம் போனால், அம்மனைத் தரிசித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடாதீர்கள். வெயில் தாழ்ந்ததும் கரையோடு வடக்கே, முகத்துவாரம் வரை நடந்து பாருங்கள். தெற்குச் சுவரின் அருகே மணல் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். பிறகு அரியாங்குப்பம் பாலம் வழியாக நகரத்துக்கு வந்து, கடற்கரைச் சாலையைத் தாண்டி வைத்திக்குப்பம் போங்கள். கருங்கல் மீது அலை அடிக்கும் இடத்தில் வலை பின்னிக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். முன்பு மணல் எதுவரை இருந்தது என்று கேளுங்கள். கையை நீட்டிக் கடலைக் காட்டுவார்கள்.